வயசு போன நாய்: நாரி, கண், காது, படுக்கை – தெரிஞ்சவை எழுதுங்கோ

#1 முத்தையன்கட்டான்

வணக்கம் உறவுகளே,

எங்கட வீட்டில வீமன் எண்டு ஒரு கடுவன் நாய் நிக்குது. ஊர் நாய்தான். கறுப்பு, நெஞ்சில மட்டும் வெள்ளை. நாங்கள் மீள்குடியேறி வந்து தரப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்த நேரம் குட்டியா வந்து ஒட்டிக்கொண்டவன். இப்ப வயசு 12 தாண்டீட்டுது.

போன மாரி வரைக்கும் வயலுக்கு எனக்கு முன்னால போய் நிப்பான். இப்ப விடிய எழும்பவே பெரிய பாடு. முன்னங்கால் ரெண்டையும் ஊண்டி, பின்பக்கத்தை இழுத்து இழுத்துத்தான் எழும்புறான். வளவுக்குள்ள கொஞ்சம் நடந்தாப் பிறகு சரியா வரும். விறாந்தைப் படி ஏறமாட்டான், கீழ நிண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிப்பான். கண் ரெண்டிலயும் நீலப் புகை படர்ந்த மாதிரி. முந்தி யானைவெடிச் சத்தம் கேட்டா கட்டிலுக்குக் கீழ பூருறவன், போன கிழமை பக்கத்து வளவில வெடி போட்டும் தலையைக்கூட நிமித்தேல்லை. பயம் தெளிஞ்சிட்டுது எண்டு சின்னவன் சொல்லுறான். எனக்கெண்டா காது போட்டுது எண்டுதான் படுது.

இப்ப சாப்பாடும் குறைஞ்சு போச்சு. ஐயா "கிழடு தட்டினா அப்பிடித்தான், விடு" எண்டுறார். கடைக்காரர் பனடோல் அரைவாசி குடுத்துப் பார் எண்டார். குடுக்கலாமோ? அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

#2 பாலைப்பழம்

பனடோல் குடுத்துப் போடாதேங்கோ அண்ணை. தெரிஞ்ச ஆக்கள் வருவினம், கொஞ்சம் பொறுங்கோ. வீட்டில பூனை நிண்டா அதுக்கு ஒரு துண்டுகூடக் காட்டக்கூடாது, உயிருக்கே ஆபத்து.

#3 ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தம்பி, நான் கால்நடைத் திணைக்களத்தில் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வைத்தியர் அல்ல, அதை முதலே சொல்லி வைக்கிறேன். ஆனால் மாட்டுக்கு ஊசி போடப் போன வளவுகளில் எல்லாம் திண்ணையோரம் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். அவற்றைக் கனகாலம் பார்த்திருக்கிறேன்.

முதலில் மருந்து. பனடோல் அளவு தப்பினால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். அதைவிட மோசமானவை புருபனும் டைக்குளோபெனக்கும். நாரிப்பிடிப்புக்கு மனிதர் போடும் அந்த இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். கறுப்பாக மலம் போய், சத்தி எடுத்து, சோர்ந்து விழுந்த பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும். நாய்க்கென்று மெலொக்சிகாம், கார்புரோபென் போன்றவை உண்டு. அவற்றையும் நிறை பார்த்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, வைத்தியர்தான் தரவேண்டும். சொறிக்கு என்று முன்பு தந்த பிரெட்னிசொலோன் குளிசை வீட்டில் மிச்சம் இருந்தால் அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். இரைப்பையில் ஓட்டை விழும்.

விடிய எழும்பக் கஷ்டம், நடந்தால் இளகும், படி ஏற மறுப்பு: இவை மூன்றும் மூட்டு வாதத்தின் அடையாளம். பின்தொடையைக் கையால் தடவிப் பாருங்கள். முன்பு உருண்டு திரண்டிருந்த தசை வற்றி, இடுப்பெலும்பு தட்டுப்படும். பாரத்தை முன்பக்கம் சாய்த்து நடப்பதால் நெஞ்சும் தோளும் மட்டும் திடமாக இருக்கும். பின்னங்கால் நகம் நிலத்தில் உரசித் தேய்ந்திருந்தால் அது காலைத் தூக்கி வைக்கவில்லை என்று பொருள். நோ இருந்தால் கத்தும் என்று சனம் நினைக்கிறது. நாய் அநேகமாகக் கத்தாது. ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், படுக்கப் போய்ப் படுக்காமல் சுற்றிச் சுற்றி நிற்கும், தொட்டால் திரும்பிப் பார்க்கும். சில நாய்கள் காரணமில்லாமல் சிடுசிடுக்கும்.

கண்ணில் நீலப் புகை என்கிறீர்கள். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் அது கண்வில்லை வயதோடு இறுகுவது. ஏழெட்டு வயதுக்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லா நாய்க்கும் வரும், பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது. பால் ஊற்றியது போல் வெள்ளை தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். ஒரு சின்னச் சோதனை செய்யலாம்: பஞ்சுத் துண்டு ஒன்றை முகத்துக்கு முன்னால் மேலிருந்து விடுங்கள். சத்தமும் மணமும் இல்லாமல் விழும் பஞ்சைக் கண் பின்தொடர்ந்தால் பார்வை இருக்கிறது.

சாப்பாடு குறைந்ததைத்தான் நான் வயதின் தலையில் கட்டமாட்டேன். உதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அமத்தி எடுத்தால் வெளிறி, இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்கவேண்டும். கடதாசி போல் வெளிறி இருந்தால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகியுங்கள். நம் நாட்டில் பபேசியா என்ற அந்தக் கிருமி சாதாரணம், இரத்தத்தின் செங்கலங்களை உடைக்கும். நாய் சோர்ந்து, மெலிந்து, ஏறி இறங்காமல் கிடக்கும். பார்ப்பவர் வயது போய்விட்டது என்பார். இரத்தம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் பிடிபடும், அதற்கு மருந்தும் இருக்கிறது. அப்படியே பல்லையும் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் மஞ்சள் காவி ஏறி, முரசு வீங்கி, வாய் நாறினால் பசி இருந்தும் சாப்பிடாது. தட்டத்தடிக்கு வந்து மணந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

#4 கச்சான்காத்து

எல்லாம் சரி ஐயா. ஆனா இஞ்ச மனிசருக்கே ஆசுப்பத்திரியில மருந்து வெளியால எழுதித் தருகினம். நாயைக் கொண்டுபோய் இரத்தம் சோதிக்கிறதோ? எங்கட அப்பு காலத்தில நாய் கிழண்டா வைக்கல்போருக்குக் கீழ போய்ப் படுக்கும், ஒருநாள் எழும்பாது. அது இயற்கை. வெளிநாட்டுக்காரரைப் பாத்து மெத்தை, மாத்திரை எண்டு இறங்கினா செலவுதான்.

#5 வன்னிமயில்

கச்சான்காத்து அண்ணை, அப்பு காலத்தில பல்லு நொந்தா மனிசரும் அப்பிடித்தான் கிடந்தவை 😀

செலவு எண்டு பயப்பிட வேண்டாம். நான் எங்கட ரொமிக்குச் செய்தது எல்லாம் வீட்டுக்குள்ள கிடந்த சாமான். உரப்பையைக் கழுவிக் காயவச்சு வைக்கலை இறுக்கி அடைஞ்சு தைச்சன், மேல பழைய சாரம் ஒண்டு. அவ்வளவுதான் மெத்தை. சீமெந்து நிலத்தில நேர படுத்தாத்தான் முழங்கையில தோல் தடிச்சுக் கறுத்து வெடிக்கும். மாரியில வைக்கல் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், அதால மழை முடியிற வரைக்கும் மாத்தி மாத்தி அடையவேணும். தும்பு மெத்தைத் துண்டு கிடைச்சா இன்னும் நல்லது. பலகை ரெண்டைக் கீழ போட்டு நிலத்தில இருந்து கொஞ்சம் உயத்தி வையுங்கோ, மார்கழிப் பனிக்குச் சீமெந்து ஐஸ் மாதிரி இருக்கும். உயரத்தைக் கூட்டினா ஏறமாட்டுது, அதுவும் பாக்கவேணும்.

அடுத்தது வழுக்கல். வீட்டுத்திட்ட வீடுகளில இப்ப கன பேர் ரைல்ஸ் பதிச்சிட்டினம். வடிவுதான், ஆனா கிழட்டு நாய்க்குப் பின்கால் ரெண்டும் ரெண்டு பக்கம் விரிஞ்சு போகும். ஒருக்கா விழுந்தா அந்த அறைக்குள்ளயே வராது. அது நடக்கிற பாதையில மட்டும் சாக்கை விரிச்சு விடுங்கோ. நகத்தையும் பாருங்கோ. ஓடித் திரியேக்க கிரவலில தானாத் தேயும், படுத்தே கிடந்தா வளந்து சுருண்டு பாதத்துக்குள்ள குத்தும். முன்காலில உள்பக்கமா உயர நிக்கிற பெருவிரல் நகம் நிலத்தில படாது, அதை எல்லாரும் மறந்துபோறது.

காது போன நாயைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். நித்திரையில இருக்கேக்க பின்னால போய்த் தொடக்கூடாது, தொட்டா திடுக்கிட்டுக் கடிச்சுப்போடும். அது கெட்ட நாய் எண்டதால இல்லை, ஆர் எண்டு தெரியாது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில இதைக் கட்டாயம் சொல்லிக்குடுக்கவேணும். முன்பக்கத்தால போய்க் காலால நிலத்தைத் தட்டினா அதிர்வு தெரிஞ்சு கண்ணைத் திறக்கும். இல்லாட்டி கையை மூக்குக்குக் கிட்டப் பிடியுங்கோ, மணத்துக்கு எழும்பும். மூக்கு மட்டும் கடைசி மட்டும் வேலை செய்யும் போல.

#6 ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. காது மந்தமான நாயை வீதிப்பக்கம் அவிழ்த்து விடவும் கூடாது. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் டிப்பர் ஓடுகிற வேகம் உங்களுக்குத் தெரியும்.

#7 பாலைப்பழம்

ஒரு சந்தேகம். நாயின்ர ஒரு வருசம் மனிசரின்ர ஏழு வருசம் எண்டு சொல்லுறது உண்மையோ? அப்பிடிப் பாத்தா வீமனுக்கு 84.

#8 குளக்கட்டு

அது சும்மா கணக்கு. நாய் ஒரு வயசிலயே குட்டி போடும், ஏழு வயசுப் பிள்ளையோட அதை எப்பிடிச் சமப்படுத்திறது? 2020 இல அமெரிக்காவில லாப்ரடோர் நாயளின்ர மரபணுவில வயசோட வாற மாற்றத்தைப் பாத்து ஒரு ஆய்வு வந்தது. அதின்படி ஒரு வயசு நாய் 30 வயசு ஆளுக்குக் கிட்ட, 4 வயசு 50 தாண்டும், 12 வயசு 70 அளவில. முதல் வேகமா ஏறிப் பிறகு மெல்லப் போகும். பெரிய இனம் கெதியாக் கிழடாகும், ஏழு வயசிலயே தொடங்கும். சின்ன இனம் பத்து மட்டும் தாக்குப்பிடிக்கும். எங்கட ஊர் நாய் ரெண்டுக்கும் நடுவில.

முத்தையன்கட்டான், மூட்டு வாதத்துக்குத் தண்ணிக்குள்ள நடக்கவிடுறது நல்லது எண்டு வாசிச்சிருக்கிறன். உடம்புப் பாரம் மூட்டில விழாது, தசைக்கு மட்டும் வேலை. உங்களுக்குக் குளம் பக்கத்திலதானே, பின்னேரத்தில கொண்டுபோய் நீந்த விடுங்கோவன்.

#9 முத்தையன்கட்டான்

அண்ணை, எங்கட குளத்தில முதலை கிடக்கு. கால் ஏலாத நாயை இறக்கினா அதுக்கு விருந்து 😅

#10 கச்சான்காத்து

குளக்கட்டு எண்டு பேரை வச்சுக்கொண்டு முதலையை மறந்துபோனீரே!

#11 குளக்கட்டு

சரி சரி. வாய்க்காலில விடுங்கோ. சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்கிற நேரம், கால் மூடுற அளவு தண்ணி மெதுவா ஓடுற இடம் பாத்து, நீங்கள் பக்கத்தில நிண்டு நடத்துங்கோ. முடிஞ்சதும் துவாயால துடையுங்கோ, காதுக்குள்ள ஈரம் நிக்கக்கூடாது. தண்ணி இல்லாட்டி நடையே போதும். ஒரே தரமா வயல் மட்டும் கூட்டிக்கொண்டு போகாமல், காலமையும் பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமா. நோகுது எண்டு படுக்கவே விட்டா இருக்கிற தசையும் வத்தும்.

#12 தொலைவிலிருந்து

வணக்கம். நான் கனடாவில், அம்மா முள்ளியவளையில் தனிய. அவவோட ஒரு பெட்டை நாய் நிக்குது, 10 வயசு, கருத்தடை செய்யேல்லை. அம்மா போனில சொல்லுறா, கொஞ்ச நாளா அது வாளி வாளியாத் தண்ணி குடிக்குதாம், அடிக்கடி சலம் போகுதாம், வயிறும் கொஞ்சம் உப்பி இருக்காம். வயசு போனா சலம் கட்டுப்படாது எண்டு அம்மாவின்ர முடிவு. இதைப் பாக்க இந்தத் திரி கண்ணில பட்டது. யோசிக்கவேணுமோ?

#13 ஓய்வுபெற்ற போதனாசிரியர்

பிள்ளை, யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அம்மாவுக்கு இப்பவே போன் எடுத்து ஒன்று கேளுங்கள்: ஒன்று இரண்டு மாதத்துக்குள் அது பருவத்துக்கு வந்ததா? பின்பக்கம் சீழ் போல ஏதும் வடிகிறதா, அல்லது அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா?

கருத்தடை செய்யாத வயதான பெட்டை நாய்களுக்கு வரும் கருப்பைச் சீழ் நோயாக இருக்கலாம். பருவம் வந்து நான்கு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் கருப்பை சீழால் நிரம்பும். தாகமும் சலமும் கூடும், சாப்பாடு குறையும், சத்தி எடுக்கும். சீழ் வெளியே வடிந்தால் கண்டுபிடிக்கலாம். கருப்பை வாய் மூடிக்கொண்டால் வயிறு மட்டும் உப்பும், அதுதான் அதிகம் ஆபத்து. பொதுவாகக் கருப்பையை எடுத்துவிடுவதுதான் வைத்தியம். ஒருநாள் பிந்தினாலும் நாய் மிஞ்சாமல் போகலாம்.

அது இல்லையென்றால் சிறுநீரகம், நீரிழிவு என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. நாயின் நிறையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது அளவுக்கு மிஞ்சியது. 15 கிலோ நாய் ஒன்றரை லீற்றரைத் தாண்டக்கூடாது. அம்மாவை அளந்த தண்ணீரை வாளியில் ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளக்கச் சொல்லலாம். சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் இந்தத் தாகமே தெரியவரும். சலம் போகிறது என்று தண்ணீரை மறைத்து வைக்கிற வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது.

#14 தொலைவிலிருந்து

கேட்டன் ஐயா. போன மாதம்தான் பருவம் வந்ததாம். பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வாறான். நாளைக்கு எழுதுறன்.

#15 சோதிக்காரி

அந்த நாய் சுகமா வரட்டும். நான் சாப்பாட்டைப் பற்றி எழுத வந்தனான்.

எங்கட வீடுகளில நாய்க்குச் சோறு, அதுக்கு மேல மிஞ்சின சொதி. சொதியில வெங்காயம் போடாத வீடு இருக்கோ? வெங்காயமும் உள்ளியும் நாயின்ர இரத்தத்தில செங்கலங்களை உடைக்கும். ஒருநாள் ஒரு கரண்டி விட்டா ஒண்டும் நடக்காது, நாளாந்தம் விட்டாச் சேரும். ஏற்கெனவே உண்ணி இரத்தத்தைக் குடிச்சு வெளிறிப்போய் நிக்கிற நாய்க்கு அதுவும் சேந்தா? சமைக்கேக்க உப்பும் வெங்காயமும் போட முதல் நாய்க்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கோ. கருவாட்டுத் தலை உப்புக் கட்டி, சிறுநீரகம், இருதயம் பழுதான நாய்க்கு நஞ்சு மாதிரி.

பல்லு இல்லாததுக்கு நான் செய்யிறது: குளத்து மீனை அவிச்சு, முள்ளு ஒண்டும் இல்லாமல் உதிர்த்து, குழையக் காய்ச்சின சோத்தில பிசைஞ்சு, கொஞ்சம் பூசணிக்காய். இளஞ்சூட்டில வச்சா மணம் கிளம்பும், மூக்கு மந்தமான நாயும் வரும். ஒரு நேரமா நிறையக் கொட்டாமல் ரெண்டு மூண்டாப் பிரிச்சு வையுங்கோ. வயசு போனா மீன், முட்டையைக் குறைக்கவேணும் எண்டு ஒரு கதை இருக்கு. சிறுநீரகம் பழுது எண்டு வைத்தியர் சொன்னா ஒழியக் குறைக்கத் தேவையில்லை, தசை வத்தாமல் இருக்க அதுதான் வேணும். வெறுஞ்சோத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டுக் கொழுக்க வைக்கிறதுதான் பிழை. மூட்டு நோகிற நாய்க்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். தடவினா விலா எலும்பு கைக்குத் தெரியவேணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது.

தட்டத்தைக் கல்லு ரெண்டு அடுக்கி நெஞ்சளவுக்கு உயத்தி வச்சா கழுத்தைக் குனியத் தேவையில்லை.

#16 குளக்கட்டு

நிறை பாக்க ஒரு வழி: நெல்லு நிறுக்கிற தராசு ஊரில எங்கயும் இருக்கு. நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கோ, பிறகு நீங்கள் தனிய. கழிச்சா வரும். மாதாமாதம் எழுதி வச்சா மெலியிறது கண்ணுக்கு முதல் தாளில தெரியும். மருந்தளவுக்கும் வைத்தியர் முதல் கேக்கிறது அதைத்தான்.

#17 வட்டுவன்

எங்கட நாய் போன வருசம் ஒரு விடியப்புறம் எழும்பி, தலை ஒரு பக்கம் சரிஞ்சு, வட்டம் சுத்தி விழுந்தது. கருவிழி இடமும் வலமுமா அடிக்குது, சத்தி வேற. பாரிசவாதம் எண்டு ஊரே கூடிட்டுது. ஆரோ குழி வெட்டவும் சொல்லிப்போட்டினம். மிருக வைத்தியர் வந்து பாத்திட்டு, உள்காதில சமநிலை குழம்பிற வருத்தம், வயசான நாயளுக்குத் திடீரெண்டு வாறது, பொறுத்துப் பாப்பம் எண்டார். சத்திக்கு ஊசி. நாங்கள் மூலையில சாக்கு மூட்டையளை அடுக்கி நடுவில படுக்க வச்சு, கையால தண்ணி பருக்கினம். ரெண்டு மூண்டு நாளில கண் நிண்டுட்டுது, ரெண்டு கிழமையில நடந்தது. தலை மட்டும் இண்டைக்கும் கொஞ்சம் சரிவு. பாக்கிற ஆக்களுக்கு ஏதோ கேள்வி கேக்கிற மாதிரி இருக்கும்.

#18 ஓய்வுபெற்ற போதனாசிரியர்

இதைப் பலரும் வாசிக்கவேண்டும். கூடவே ஒரு எச்சரிக்கை. திடீரென்று குணம் மாறுதல், குரல் மாறுதல், வாய்நீர் ஒழுகி விழுங்க முடியாமை, தாடை தொங்குதல், பின்கால் இழுத்தல் என்பவை விசர்நோயிலும் வரும். தொண்டையில் முள் ஏதும் குத்தியிருக்கிறதோ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். கட்டி வைத்துவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். கிழட்டு நாய்தானே என்று வருடாந்தத் தடுப்பூசியை விடுகிறவர்கள் அதிகம். அரசாங்கம் இலவசமாகத்தான் போடுகிறது.

#19 சாமக்கோழி

எங்கட ஜிம்மி பகல் முழுக்க நித்திரை. சாமம் ஒரு மணிக்கு எழும்பி விறாந்தையில அங்கயும் இங்கயும் உலையும். சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கும். கதவு திறக்கிற பக்கத்தை விட்டிட்டுப் பிணைச்சல் பக்கத்தில போய்த் தலையை வச்சு நிக்கும். சிலவேளை என்னைப் பாத்தே உறுமும். அம்மா இது ஏதோ கண்டிட்டுது, வைரவருக்கு வடைமாலை சாத்துவம் எண்டுறா.

#20 வன்னிமயில்

வடைமாலையைச் சாத்துங்கோ, வைரவரின்ர வாகனம்தானே 🙂 ஆனா இது மூளை மங்கிறது. மனிசருக்கு வாற மறதி வருத்தம் மாதிரியே நாய்க்கும் வரும். பழகின வளவில வழி தவறும், மூலையில போய் மாட்டிக்கொண்டு பின்னுக்கு வரத் தெரியாது, இரவு பகலாகும், வளர்ப்பிலயே பழகின சலப் பழக்கம் விட்டுப்போகும். முற்றாச் சுகமாக்க மருந்து இல்லை, ஆனா குறைக்கலாம். சாமான்களை இடம் மாத்தாதேங்கோ. தண்ணி வாளி, படுக்கை எல்லாம் அந்தந்த இடத்தில. பின்னேரம் கொஞ்சம் நடத்திக் களைக்க விடுங்கோ. இரவில சின்ன வெளிச்சம் ஒண்டு எரியட்டும். கிணத்துக்குக் கட்டு இல்லாட்டி உடன ஏதாவது அடைச்சு மறையுங்கோ! கண் தெரியாமலும் வழி தெரியாமலும் விழுந்த நாயளைக் கேள்விப்பட்டிருக்கிறன்.

ஆனா மூளை எண்டு முடிவு கட்ட முதல் நோவையும் பாருங்கோ. படுத்தா நாரி உளையிறதாலயும் இரவில உலையும்.

#21 சோதிக்காரி

கச்சான் காத்து, அந்தச் சூட்டுக் காத்து அடிக்கிற மாதங்களில இன்னும் கவனம். நாய்க்கு எங்களை மாதிரி வேர்க்காது, இளைச்சுத்தான் சூட்டைத் தணிக்கும். இருதயமும் சுவாசமும் தளர்ந்த நாய்க்கு அந்த இளைப்பே பெரிய வேலை. எங்கடது கிணத்தடி வாழைக்குக் கீழ குழி பறிச்சுப் படுக்கும், மனிசன் ஏசுவார், நான் விட்டிட்டன். மத்தியானம் தகரக் கொட்டிலுக்குள்ள கட்டாதேங்கோ. நித்திரையில மூச்சை எண்ணிப் பாருங்கோ, நிமிசத்துக்கு 30 ஐத் தாண்டினா, இரவில இருமினா, இருதயத்தைக் காட்டவேணும்.

#22 கச்சான்காத்து

கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. எழும்பவே ஏலாமல் போனா என்ன செய்யிறது? எங்கட பெரியம்மா வீட்டில ஒண்டு இப்ப அந்த நிலையில. இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லை. புழு வேற பிடிச்சிட்டுது. மண்ணெண்ணெய் விட்டவை.

#23 ஓய்வுபெற்ற போதனாசிரியர்

மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், பூச்சி உருண்டை எதுவும் வேண்டாம். தோல் வெந்து, நக்கினால் உள்ளேயும் போகும். சுற்றி மயிரைக் கத்தரித்து, கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவி, புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலும் இருக்கும், ஆகவே வைத்தியரிடம் காட்டுங்கள். ஈ மொய்க்காமல் நுளம்பு வலையால் மூடி வையுங்கள்.

படுத்த படுக்கை என்றால் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபக்கம் புரட்டவேண்டும். இடுப்பு, தோள், முழங்கை, எலும்பு புடைத்த இடமெல்லாம் சிவக்கிறதா என்று பாருங்கள். சலம் பட்ட சாக்கை உடனே மாற்றவேண்டும். நீளத் துவாய் ஒன்றை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்தால் பின்பக்கத்தைத் தூக்கி வெளியே நடத்தலாம். பல நாய்கள் படுத்த இடத்தில் சலம் போக வெட்கப்பட்டு அடக்கி வைத்திருக்கும்.

இதெல்லாம் செய்தும் நாளுக்கு நாள் வேதனை என்றால் ஊசி போட்டு விடுவதைப் பற்றி வைத்தியரோடு பேசுவதில் குற்றமில்லை. மயக்க மருந்தைக் கூடுதலாக ஏற்றுவதுதான் அது. நாய் நித்திரைக்குப் போவது போல முதலில் உணர்விழக்கும், பிறகு மூச்சு நிற்கும்.

#24 வட்டுவன்

எனக்கு அது மனசுக்கு ஒத்துவரேல்லை ஐயா. வட்டம் சுத்தினபோது எங்கடதுக்கும் ஊசி போடச் சொன்ன ஆக்கள் இருந்தவை. குடுத்திருந்தா இண்டைக்கு முத்தத்தில நிண்டிருக்காது.

#25 வன்னிமயில்

உங்கடதுக்குச் சுகமாகிற வருத்தம், வைத்தியர் பாத்துச் சொன்னவர். அதுதான் வித்தியாசம். நாங்கள் ரொமியின்ர கடைசி மாதங்களில கலண்டரில நல்ல நாளுக்கு ஒரு புள்ளியும், கூடாத நாளுக்கு ஒரு கோடும் போட்டனாங்கள். சாப்பிட்டதோ, தானா எழும்பினதோ, எங்களைக் கண்டு வாலை ஆட்டினதோ எண்டு பாத்து. கோடு கூடினாப் பிறகுதான் வைத்தியரைக் கூப்பிட்டம். வீட்டுக்கே வந்தவர். பாவமோ புண்ணியமோ எனக்குத் தெரியாது. புழுப் பிடிக்கக் கிடக்க விடுறதையும், உரப்பைக்குள்ள போட்டுக் கொண்டுபோய் மாங்குளச் சந்தியில இறக்கி விடுறதையும் பாவம் எண்டு ஆரும் சொல்லக் கேக்கேல்லை.

#26 கச்சான்காத்து

விளங்குது தங்கச்சி. பெரியம்மாவோட கதைக்கிறன். நாளைக்கு வைத்தியரைக் கூட்டிக்கொண்டு போறன்.

#27 தொலைவிலிருந்து

ஐயா, நீங்கள் சொன்னதுதான். கருப்பையில சீழ். ஒப்பரேசன் முடிஞ்சுது, கருப்பையைக் காட்டினவையாம், அம்மா மயங்காத குறை. இப்ப கஞ்சி குடிக்குது. தையலை நக்காமல் இருக்க எனக்கு ஆரும் ஒரு வழி சொல்லுங்கோ, அந்தக் கழுத்துக் கூம்பு முல்லைத்தீவில கிடைக்கேல்லையாம்.

#28 சோதிக்காரி

பழைய ரீசேட் ஒண்டைப் போட்டு, முன்கால் ரெண்டையும் கைக்குள்ளால விட்டு, பின்பக்கத்தை முதுகில முடிச்சுப் போடுங்கோ. சலம் போகேக்க மட்டும் அவிழ்க்கவேணும். ஈரமானா உடன மாத்துங்கோ.

#29 முத்தையன்கட்டான்

எல்லாருக்கும் நன்றி. வீமனை அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனன். முரசு வெளிறித்தான் இருந்தது. இரத்தத்தில உண்ணிக் காய்ச்சல் கிருமி. ஊசி போட்டு, குளிசையும் தந்தவை. மூட்டு நோவுக்கு இப்ப ஒண்டும் தரேல்லை. இரத்தம் ஏறட்டும், சிறுநீரகம் பாத்திட்டுத் தாறன் எண்டார் டொக்டர். தேவைப்பட்டா மேல்பரிசோதனைக்குப் பேராதனை மிருக வைத்தியசாலைக்கு எழுதித் தாறாராம். கண்ணை லைற் அடிச்சுப் பாத்தவர், புரை இல்லை, வயசுப் புகைதான்.

பஞ்சுச் சோதனையும் செய்தனான். பஞ்சைப் பாத்தான், விழுந்தாப் பிறகு அதைத் தின்னவும் பாத்தான். ஊசி போட்டு நாலாம் நாள் தட்டத்தை வழிச்சு நக்கினவன். ஐயாதான் அதை எனக்கு வந்து சொன்னவர். விடு எண்டு சொன்ன மனிசன் இப்ப வைக்கல் அடைஞ்சு மெத்தை தைக்கிறார்.

விறாந்தைப் படிக்குப் பலகையால சாய்வு ஒண்டு அடிக்கப் போறன். படி ஒண்டரை அடி உயரம். பலகை எவ்வளவு நீளம் எடுக்கிறது?

#30 குளக்கட்டு

ஆறு அடிக்குக் குறையாமல் எடுங்கோ, கட்டையா இருந்தாச் செங்குத்தா வந்து ஏறமாட்டான். அகலம் ஒண்டரை அடி. பனஞ்சலாகை இருந்தா ரெண்டைச் சேத்து அடிக்கலாம், சிராய் இல்லாமல் சீவவேணும். மேல சாக்கை இழுத்து ஆணி அடியுங்கோ, ஆணித்தலை வெளியால நிக்காமல். ரெண்டு பக்கமும் சின்னச் சட்டம் வச்சா கால் வழுக்கி வெளியால போகாது. முதல் நாள் மீன் துண்டைப் பலகையில இடைக்கிடை வச்சு விடுங்கோ, தானா ஏறுவான்.